ஊதிக்காட்டச் சொன்னவர்கள்

வயிற்றுவலி என்று டாக்டரிடம் போகிற ஆம்பிளையிடம் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்கிற கேள்வி, "குடிப்பியா?" என்பதுதான். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்பதெல்லாம் அப்புறம். இல்லை என்று சொன்னால் நம்பவும் மாட்டார்கள். நான் பிற்பாடு நர்ஸ் வேலைக்குப் போய் வயிற்று நோயாளிகளோடு பல வருஷம் கிடந்தவள். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலைக் காதில் வாங்காமல் எழுத ஆரம்பிக்கிற டாக்டர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடி வயிற்றைக் கெடுக்காது என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. கெடுக்கும். ஆனால் அந்த ஒரு கேள்வியோடு ஒரு மனிதனுடைய கதையை முடித்துவிடுகிறார்களே, அதுதான் ஆத்திரம். என் அப்பாவின் கதையை அப்படித்தான் முடித்தார்கள்.

அப்பா தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர். முத்துக் குளிப்பு நின்றுபோன பிறகு எங்கள் ஆட்களுக்குக் கடலுக்கு அடியில் மிச்சமிருந்தது சங்குதான். சீசன் மாதங்களில் சங்கு, மற்ற மாதங்களில் புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டுகிற வேலை, அதுவும் இல்லாவிட்டால் தோணியில் மூட்டை ஏற்றுகிற வேலை. அப்பாவுடைய பெருமையெல்லாம் அவர் மூச்சுதான். அவர் முங்கினால், மேலே தோணியில் கயிறு பிடித்துக்கொண்டிருக்கும் அவருடைய கூட்டாளிக்கே பயம் வந்துவிடுமாம். "ஒங்க அப்பன் கீழ போயி குடும்பம் நடத்திட்டுல்லா வாரான்" என்று கூட்டாளி மாமா எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த மூச்சுக்கு ஒரு விலை இருந்தது. குளிக்கப் போகிறவன் சாப்பிடக் கூடாது. வயிற்றில் சோறு கிடந்தால் தண்ணீருக்குள் மூச்சு நிற்காது, மேலே வந்ததும் குமட்டும். அதனால் விடிகிறதுக்கு முன்னால் ஒரு தம்ளர் கருப்பட்டிக் காப்பியோடு போகிறவர்கள், பொழுது சாய்ந்து கரைக்கு வந்துதான் சோற்றைத் தொடுவார்கள். நாளெல்லாம் முங்கி முங்கி எழுகிறவனுக்குப் பசிக்காமல் இருக்குமா? அதற்குப் புகையிலை. தோணிக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, ஆளுக்கொரு துண்டு புகையிலையைத் தன் கையாலேயே கொடுப்பார். சோறு போட முடியாது, புகையிலை போடலாம். அதை அவர் தர்மம் என்று நினைத்தார், இவர்களும் அப்படியே நினைத்தார்கள்.

சாயங்காலம் கரைக்கு வந்து சாப்பிடுகிற சோறாவது நல்ல சோறா? நல்ல மீனெல்லாம் ஐஸ் பெட்டியில் ஏறி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடும். கடலோரத்தில் இருந்துகொண்டு நாங்கள் தின்றது கருவாடு. உப்பு பூத்துப்போய் வெள்ளையாக இருக்கும் கருவாட்டைச் சுட்டு, மிளகாயைக் கடித்துக்கொண்டு பழைய சோறு. ஒற்றை அறை வீடு, ஒரே பானை, ஒரே குவளை. குழாயில் குடிதண்ணீர் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. வராத நாளில் எந்தக் கிணற்றில் கிடைத்ததோ அதைக் குடித்தோம். நாங்கள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த வாழ்க்கை மாதிரி, இதற்கெல்லாம் பிற்காலத்தில் 'வாழ்க்கை முறை' என்று ஒரு பெயர் வைத்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கமே சாராயக்கடையைத் திறந்துவிட்டது. என் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, குடித்துக் குடித்தே ரத்தம் கக்கிச் செத்தார். அவரைப் புதைத்துவிட்டு வந்த கையோடு அப்பா எங்கள் மாதா கோயிலில் இருந்த மதுவிலக்கு சபையில் சேர்ந்தார். அதற்கு முன்பும் அவர் குடிக்கிறவர் இல்லை. ஆனாலும் தம்பிக்காகச் சேர்ந்தார். குருசைத் தொட்டுச் சத்தியம் செய்தவர்களுக்குக் கழுத்தில் போட்டுக்கொள்ள மாதா படம் போட்ட ஒரு சின்னப் பதக்கம் கொடுப்பார்கள், அதைச் சுரூபம் என்போம். சத்தியத்தை மீறியவன் அதை எல்லார் முன்னிலையிலும் கழற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்பா அந்தச் சுரூபத்தோடுதான் கடலில் முங்குவார். உப்புத் தண்ணீரில் அது கறுத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி மாட்டிக்கொள்வார்.

சபைத் தலைவர் எங்கள் தெருமுனையில் பலசரக்குக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. நல்ல மனிதர்தான். குடிகாரன் பெண்டாட்டிகளுக்குப் பரிந்து பேசுவார், அடிக்கிறவனைத் தேடிப்போய்ச் சத்தம் போடுவார். சாராய வாடை அடித்தால் கடைப்படி ஏற விடமாட்டார். அந்தக் கடையில் சரம் சரமாகப் பீடியும் பாளம் பாளமாகப் புகையிலையும் தொங்கும். அது பாவம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும்தான்.

அப்பாவுக்கு வலி எப்போது தொடங்கியது என்று எங்களுக்குத் தெரியாது. முதலில் நெஞ்சுக்குக் கீழே எரியுது என்றார். அம்மா ஆப்பச்சோடாவைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தாள். ஏப்பம் வந்தது, எரிச்சல் அடங்கியது. தெருவில் பாதி ஆம்பிளைகள் அப்படித்தான் சோடாமாவு குடித்துக்கொண்டு அலைந்தார்கள். பிறகு சோடாவுக்கும் அடங்காமல் போனபோது அம்மா அவரை டவுனில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனாள். நானும் கூடப் போனேன். டாக்டர் மேஜை மேல் சாம்பல் கிண்ணத்தில் பாதி சிகரெட் புகைந்துகொண்டிருந்தது.

"குடிப்பியா?"

"இல்லைங்க. சபையில சத்தியம் பண்ணுனவன்," என்று அப்பா சட்டைக்குள்ளிருந்து சுரூபத்தை எடுத்துக் காட்டினார்.

டாக்டர் கம்பவுண்டரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை. "எல்லாவனும் இதைத்தான் சொல்லுதான். வயித்துல புண்ணு. அல்சர். காரத்தை விடு. நேரத்துக்குச் சாப்பிடு. மூணு வேளையும் பால் குடி. மனசுல கவலை இல்லாம இரு. அந்தக் கருமத்தையும் நிறுத்து," என்றார். வெள்ளையாகச் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒரு மருந்தைத் தலையில் கட்டி அனுப்பினார்.

எனக்கு இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னீரே, கடலுக்கு அடியில் எந்த நேரத்துக்கு ஐயா சாப்பிடுவது? பிள்ளைகள் நாங்களே பாலைக் காப்பியில் நிறம் மாறுகிற அளவுக்குத்தான் பார்த்திருக்கிறோம், மூணு வேளைப் பால் யார் வீட்டு மாட்டிலிருந்து வரும்? கவலை இல்லாமல் இருக்க எந்தக் கடையில் மருந்து விற்கிறது? என்ன வேலை செய்கிறாய், எப்போது சாப்பிடுகிறாய், என்ன சாப்பிடுகிறாய், புகையிலை போடுவாயா, எந்தத் தண்ணீர் குடிக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாய் தேய்ந்துபோயிருக்குமா? வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும் என்பதே பாதிக்குமேல் தப்பு என்று பிற்பாடு தெரிந்தது. கிருமி ஒன்று இருக்கிறது. நெருக்கியடித்துக் கிடக்கிற வீட்டில், ஒரே குவளையில், நல்ல தண்ணீர் இல்லாத தெருவில் அது சின்ன வயசிலேயே வயிற்றுக்குள் போய்க் குடியேறிவிடுகிறது. அது வந்த எல்லோருக்கும் புற்று வருவதில்லை. ஆனால் அதன் மேல் உப்பையும் புகையையும் வருஷக்கணக்காகக் கொட்டினால் சிலருக்கு அங்கே போய் முடிகிறது. அன்றைக்கு அந்த டாக்டருக்குக் கிருமியைப் பற்றித் தெரியாது. அதற்காக அவரை நான் குற்றம் சொல்லவில்லை. சிரித்தாரே, அதற்குத்தான் சொல்கிறேன்.

அப்பாவுக்கு நோவு முற்றியது. ராத்திரி தின்ற சோறு மறுநாள் சாயங்காலம் வரை வயிற்றிலேயே கிடக்கும். வாந்தி எடுத்தால் அப்படியே வரும், புளித்து நாறும். அவர் வாயிலிருந்தும் அதே வாடை வந்தது. பல் தேய்த்தாலும் போகாது. பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். வாடையை அடக்கக் கிராம்பு மென்றார். சாராயம் குடித்தவனும் கிராம்புதான் மெல்லுவான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஊருக்குத் தோன்றிவிட்டது.

கண்ணெல்லாம் உள்ளே போய் மனிதர் தள்ளாடி நடக்கிறார், கடற்கரையில் ஒதுங்கி வாந்தி எடுக்கிறார், வாயில் புளித்த வாடை, அதை மறைக்கக் கிராம்பு. தம்பி வேறு குடித்துச் செத்தவன். ஊருக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சபைத் தலைவர் அண்ணாச்சி நாலைந்து பேரோடு எங்கள் வீட்டு நடைக்கு வந்தார். நாங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தோம்.

"ஒம்மேல எங்களுக்குச் சந்தேகம் இல்லப்பா. ஊர் வாயை அடைக்கணும்லா? ஒருக்கா ஊதிக் காட்டிரு," என்றார் அண்ணாச்சி.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு ஊதினார். கடலுக்கு அடியில் அத்தனை நேரம் நிற்கிற அந்த மூச்சை, தன் வீட்டு வாசலில், நாலு பேர் மூக்குக்கு நேராக ஊதிக் காட்டினார். மூக்கை நீட்டியவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். அண்ணாச்சி கையை நீட்டினார். அப்பா சுரூபத்தைக் கழற்றி அதில் வைத்தார்.

"வயித்துல நோவு இருக்கு அண்ணாச்சி. அந்த வாடையா இருக்கும்," என்று மட்டும் சொன்னார்.

"ஒன் தம்பியும் இதைத்தாம்ப்பா சொன்னான்," என்றார் அண்ணாச்சி.

கூட்டாளி மாமா விஷயம் கேள்விப்பட்டு அன்றைக்கே சபையாரிடம் போய்க் கத்தினார். "ஏலே, நாள் பூரா அவன்கூடக் கெடக்கேன். அவன் ஒரு சொட்டு தொட்டவன் இல்லலே!" என்று சண்டை போட்டார். அவர் அன்று நன்றாக ஏற்றிக்கொண்டு போயிருந்தார். குடிக்காதவனுக்குக் குடிகாரன் சாட்சியா என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாதது. அப்பா நோவை மறைக்க ஆரம்பித்தார். வாந்தி வந்தால் குடிகாரன் என்பார்கள் என்று, வாந்தி வராமலிருக்கச் சாப்பாட்டைக் குறைத்தார். வீட்டில் ஒருநாளும் வாந்தி எடுக்கவில்லை. கடலில் போய் எடுத்தார். காப்பித்தூளைக் கரைத்த மாதிரி கறுப்பாக வந்ததைக் கூட்டாளி மாமா ஒருநாள் பார்த்துவிட்டார். அது வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் என்று மாமாவுக்கு விளங்கவில்லை. அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று அப்பா அவர் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். வேறு டாக்டரிடம் போகலாம் என்று அம்மா கெஞ்சினால், "போனா அவரும் குடிப்பியான்னுதான் கேப்பாரு. எனக்கு இனிமே அதுக்குப் பதில் சொல்ல ஏலாது," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். கொஞ்ச நாளில் சம்மாட்டியும், குடிக்கிறவனைக் கடலில் இறக்கிவிட்டு நாளைக்கு யார் பதில் சொல்வது என்று அப்பாவைத் தோணியில் ஏற்றாமல் விட்டுவிட்டார். அத்தனை வருஷம் புகையிலை கொடுத்த அதே கைதான், ஏறாதே என்று தடுத்தது.

புதுத் துறைமுகத்தில் கப்பல் வரத் தொடங்கி ஊரே வேடிக்கை பார்க்க ஓடிக்கொண்டிருந்த சமயம், அப்பா வீட்டுக்குள்ளேயே மயங்கி விழுந்தார். கூட்டாளி மாமா அப்போதுதான் கறுப்பு வாந்தியைப் பற்றி வாய் திறந்தார். பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஒரு டாக்டரம்மா. அவர் அப்பாவின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பார்க்கிறீங்க? காலையில் என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கேள்விக்காகக் காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அது வரவில்லை. அப்பாவே, "நான் குடிக்கிறது இல்லம்மா," என்றார். "சரி," என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான். அப்பா அழுதுவிட்டார்.

வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். புற்று. இரைப்பையின் கீழ்வாயை அடைத்துக்கொண்டு, எடுக்க முடியாத இடங்களுக்கெல்லாம் பரவியிருந்தது. டாக்டரம்மா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லப்பார்த்தார். அப்பா, எனக்கும் தெரியணும் என்றார். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். வழி அடைத்துப்போனதால் சோறு கீழே இறங்காமல் தங்கிப் புளித்துப்போகிறது, வாயில் வருவது அந்த வாடைதான் என்றும் சொன்னார். இன்னும் கொஞ்ச காலம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார்.

அப்பா அதையெல்லாம் கேட்ட மாதிரியே இல்லை. எழுந்து உட்கார முயன்றார்.

"அந்த வாடை சோத்து வாடைதானே டாக்டரம்மா?"

"ஆமாம்."

"அதை எங்க ஊர்ல வந்து ஒருக்கா சொல்லுவியளா?"

சாகப் போகிறாய் என்று சொல்லப்பட்ட மனிதர் கேட்டது இதை. என்னை ஆத்திரக்காரி என்று சொல்கிறவர்கள் இதற்குப் பிறகும் நான் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று சொல்லட்டும்.

டாக்டரம்மா எப்படி வருவார்? அம்மாதான் ஊருக்கு வந்து அண்ணாச்சியின் கடைக்குப் போய்ச் சொன்னாள். அவர் உச்சுக்கொட்டினார். வருத்தப்பட்டார். சுரூபத்தைத் திருப்பிக் கொடுங்கள், அவர் கேட்கிறார் என்று அம்மா சொன்னதற்கு, "அது நான் ஒத்தையில முடிவு பண்ணுத காரியம் இல்லம்மா. சபை கூடட்டும்," என்றார். எடுத்துக்கொண்டு போக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதுமாக இருந்தது. திருப்பித் தரச் சபை கூட வேண்டியிருந்தது. அப்பா தினமும் கேட்பார். தண்ணீர்கூட இறங்காத நாளிலும், கழுத்தைத் தடவிக்காட்டி, "வந்துட்டா?" என்று கையால் கேட்பார். சபை கூடுவதற்குள் போய்விட்டார்.

பெட்டியை எடுக்கிற நேரத்துக்கு அண்ணாச்சி சபையாரோடு வந்தார். எங்கள் நடை முழுக்க ஆள். கோயிலில் துக்கமணி அடித்துக்கொண்டிருந்தது. கூட்டாளி மாமா சாராய வாடையோடு ஒரு மூலையில் குத்தவைத்து அழுதுகொண்டிருந்தார். அண்ணாச்சி மடியிலிருந்து சுரூபத்தை எடுத்தார். யாரோ நன்றாகத் தேய்த்துக் கொடுத்திருந்தார்கள், பளபளவென்று இருந்தது.

"மன்னிச்சிருங்கம்மா. தெரியாமப் பண்ணிட்டோம். இது அவனுக்குச் சேர வேண்டியது. கழுத்துல போட்டு அனுப்புவோம்," என்று பெட்டிப் பக்கம் குனிந்தார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போடலாம் அண்ணாச்சி. அதுக்கு முந்தி ஒருக்கா ஊதுங்க."

"என்னதும்மா?"

"ஊதிக் காட்டுங்க."

அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிட்டது. "என்ன பேச்சு பேசுதிய? நான் குடிக்க மாட்டேன்னு ஊருக்கே தெரியும்."

"அவுகளையும் ஊருக்குத் தெரியும். இதே நடையில, பெத்த பிள்ளையளுக்கு முன்னால ஊதுனாவ. நீங்களும் ஊதுங்க."

நேரமாகுது, சாமியார் காத்துக்கொண்டிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அம்மா அசையவில்லை. பிடித்த கையையும் விடவில்லை. அண்ணாச்சி வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவர் இல்லை. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய மகனும் பேரப்பிள்ளைகளும் அங்கேதான் நின்றார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு மெல்ல ஊதினார்.

அம்மா அவர் பக்கம் முகத்தைக்கூடக் கொண்டுபோகவில்லை.

"போதும்," என்றாள். அவர் கையை விட்டுவிட்டு, மூலையில் கிடந்த கூட்டாளி மாமாவைப் பார்த்து, "எந்திரிங்கண்ணே, நீங்க தூக்குங்க," என்றாள்.

சுரூபம் அண்ணாச்சியின் கையிலேயே இருந்தது. அப்பாவை வெறும் கழுத்தோடுதான் அனுப்பினோம்.